விட்டதைப் பிடிக்காமல் வெளியே வருவது எப்படி? சூதாட்டத்தில் சிக்கிய கல்லூரி மாணவருக்கு ஒரு வழிகாட்டி

ஹாஸ்டலில் விளக்கணைந்த பிறகும் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ரம்மியோ கிரிக்கெட் பெட்டோ ஆடிக்கொண்டிருக்கும் மாணவருக்காக எழுதுகிறேன். செமஸ்டர் ஃபீஸுக்கென்று வீட்டிலிருந்து வந்த பணத்தில் ஒரு பகுதி போயிருக்கும். இரண்டு மூன்று நண்பர்களிடம் கைமாற்று வாங்கியிருப்பீர்கள். போனில் ஒரு கடன் செயலியும் இருக்கலாம். 'இத்தோடு நிறுத்திவிட வேண்டும்' என்று எத்தனையோ முறை நினைத்திருப்பீர்கள். கூடவே இன்னொரு நினைப்பும் வந்திருக்கும்: 'விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.' இந்த இரண்டாவது நினைப்பு இருக்கும்வரை முதலாவது நடக்காது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே அந்த நினைப்பின் கைக்குப் பணமும் போனும் எட்டாமல் வைக்கும் ஏற்பாடுகள்தான்.

மனவலிமை, வைராக்கியம் பற்றியெல்லாம் இதில் அதிகம் வராது. சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்வதைவிட ஏடிஎம் கார்டை அக்காவிடம் கொடுத்துவிடுவது மேல் என்பது என் கட்சி.

இப்போது ஆட்டம் எங்கே நடக்கிறது

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டம் என்றால் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். டிவியிலும் கிரிக்கெட் ஜெர்சியிலும் விளம்பரம் செய்துகொண்டிருந்த பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2022-இன் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இருந்தது. 2025 தொடக்கத்தில் வந்த மாநில விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குள் நுழையவே கூடாது என்றன. அந்த ஐந்து மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஹாஸ்டல் வாழ்க்கை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தடைக்குப் பிறகும் ஆடுபவர்கள் இடம் மாறியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட்டிடம் 'ஐடி' வாங்கி கிரிக்கெட் பெட், டெலிகிராம் குழுவில் லிங்க் வரும், அடுத்து எந்த நிறம் என்று பணம் கட்டும் கலர் பிரெடிக்ஷன், விமானம் மேலே ஏற ஏறப் பணம் பெருகுவதாகக் காட்டி திடீரென்று விழுந்துவிடும் ஆட்டம், வெளிநாட்டு கேசினோ தளங்கள். பழைய செயலிகளில் ஒப்புக்காவது வயதுச் சரிபார்ப்பு இருந்தது, தினசரி உச்சவரம்பு இருந்தது, புகார் சொல்ல ஒரு முகவரி இருந்தது. இங்கே எதுவும் இல்லை. முதல் வாரம் 300, 500 என்று கேட்டவுடன் அனுப்புவார்கள். கொஞ்சம் பெரிய தொகையை எடுக்கப் போனால் 'வரி கட்டுங்கள்', 'வெரிஃபிகேஷன் கட்டணம் கட்டுங்கள்' என்பார்கள். கட்டினால் அதுவும் போகும். சூதாட்டமும் மோசடியும் ஒரே திரையில் நடப்பதால், தோற்றோமா ஏமாந்தோமா என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

முதலில், எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

மனநலத் துறையில் 1990களிலிருந்து இருக்கும் ஒரு சிறு சோதனைக்கு இரண்டே கேள்விகள். முன்பைவிட அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி வேண்டியவர்களிடம் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

விரிவான சோதனையும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, சூதாட்டத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றியது. அதில் 9 அறிகுறிகள் உள்ளன. 12 மாதத்துக்குள் 4 இருந்தால் அது நோய். மாணவர் வாழ்க்கைக்கு ஏற்பச் சொன்னால் இப்படி வரும். பழைய தொகையில் கிக் இல்லாமல் தொகை ஏறுவது. ஆடாத நாளில் எரிச்சல், எடுத்ததற்கெல்லாம் சண்டை. செயலியை அழித்து, திரும்ப இறக்கி, திரும்ப அழிப்பது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அடுத்த ஆட்டக் கணக்கு மனதில் ஓடுவது. அரியர் வந்தாலோ வீட்டில் சண்டை என்றாலோ உடனே கை போனுக்குப் போவது. இழந்ததைப் பிடிக்க மறுநாளே போவது. பொய். படிப்பையோ நட்பையோ காதலையோ பணயம் வைத்துவிட்டது. ஆட்டத்தால் வந்த பணமுடையை அடுத்தவர் தலையில் கட்டுவது.

எண்ணிப் பார்த்து மூன்றுதான் வருகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். நான்கு என்பது மருத்துவர் வரைந்துகொண்ட கோடு. மூன்றில் இருப்பவருக்கும் கீழே உள்ள படிகள் அப்படியே பொருந்தும். அவருக்கு வேலை கொஞ்சம் எளிது, அவ்வளவுதான்.

'ரம்மி ஸ்கில் கேம்தானே' என்று ஒரு வாதம் இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டம் என்றே சொன்னது. சரி, திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்குச் சமமாக ஆடத் தெரிந்த ஒருவரோடு ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறீர்கள். மேசையில் 200 ரூபாய். தளம் 10 சதவீதம் எடுத்துக்கொண்டால் ஜெயித்தவருக்கு 180 கிடைக்கும். பாதி ஆட்டம் நீங்கள், பாதி ஆட்டம் அவர் என்று ஜெயித்தாலும் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து ரூபாய் இருவருக்குமே நஷ்டம். நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு ஆயிரம் போயிருக்கும். யார் கெட்டிக்காரர் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஏன் விட முடியவில்லை

இதைத் தெரிந்துகொள்வது அவசியம். தெரியாவிட்டால் 'நான்தான் கெட்டவன்' என்ற முடிவுக்கு வருவீர்கள், அந்த முடிவே மறுபடி ஆட வைக்கும்.

பெரும்பாலும் ஆரம்பத்தில் ஒரு வெற்றி இருக்கும். ஐநூறு போட்டு நாலாயிரம் வந்தது, அன்று முழு அறைக்கும் பிரியாணி. பிறகு நடப்பதையெல்லாம் மூளை அந்த ஒரு நாளோடு ஒப்பிட்டே பார்க்கும். அடுத்தது, பரிசு எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது. ஒழுங்காக வரும் பரிசைவிட, வந்தாலும் வரும் வராவிட்டாலும் வராது என்றிருக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக ஆக்குகிறது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளிலேயே இது தெளிவாகிவிட்டது. மூன்றாவது, 'ஜஸ்ட் மிஸ்'. ஒரு சீட்டில் போன ரம்மி, கடைசிப் பந்தில் போன மேட்ச். தோல்விதான். ஆனால் மூளையில் அது வெற்றிக்குப் பக்கத்து வீடு போலப் பதிவாகிறது, இன்னொரு முறை ஆடத் தூண்டுகிறது.

இத்தனைக்கும் மேலே 'டபுள் பண்ணிக்கிட்டே போ, ஒரு தடவை ஜெயிச்சா எல்லாம் வந்துடும்' என்ற யோசனை. டெலிகிராமில் 'டிப்ஸ்' கொடுப்பவர்கள் இதைத்தான் விற்கிறார்கள், கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கும் மாணவர்களும் விழுகிறார்கள். 50 ரூபாயில் தொடங்குங்கள். தோற்றால் 100, 200, 400, 800, 1,600, 3,200. தொடர்ந்து ஏழு முறை தோற்றால் போனது 6,350 ரூபாய். எட்டாவது பெட்டுக்கு 6,400 வேண்டும். அதில் ஜெயித்தாலும் மொத்த லாபம் வெறும் 50. ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று தோன்றும். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் அப்படி ஒரு தொடர் தோல்வி சராசரியாக 254 சுற்றுக்குள் வந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடும் கலர் ஆட்டத்தில் அது நாலே கால் மணி நேரம், அதாவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் அன்றைக்கே. அதுவும் தளம் நேர்மையாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால். அதைச் சோதிக்க ஆளே இல்லை.

'இவ்வளவு நேரம் சிவப்பு வந்துவிட்டது, இனி பச்சைதான்' என்பதும் இதே குடும்பம். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ கேசினோவில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை.

இன்று இரவே செய்ய வேண்டியது: பணத்தின் பாதையை அடைப்பது

வரிசை முக்கியம். முதலில் பணம், பிறகு செயலி. பலர் செயலியை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அது திரும்ப வர இரண்டு நிமிடம் போதும்.

கணக்கில் இருக்கும் பணத்தில் இந்த வாரச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வீட்டில் ஒருவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். பல வங்கிச் செயலிகளில் யுபிஐ, கார்டு இரண்டுக்கும் தினசரி உச்சவரம்பைக் குறைக்கும் வசதி இருக்கிறது. 500-க்குக் கொண்டுவாருங்கள். கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்துவிடுங்கள். 'பே லேட்டர்' வகைக் கடன் எதையாவது திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். ஏடிஎம் கார்டை ஒருவரிடம் கொடுங்கள். ஆனால் யுபிஐ பின் நம்பரை யாரிடமும், நண்பனிடம்கூட, சொல்லாதீர்கள். பணத்தை இடம் மாற்றுவதுதான் சரி, ரகசிய எண்ணைப் பகிர்வது இன்னொரு தலைவலி.

தளத்துக்குள் பணம் இருக்கிறதா? எடுக்க முடிந்தால் உடனே எடுத்து அதையும் வீட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். 'போனஸை எடுக்க இன்னும் இருபது தடவை ஆட வேண்டும்' என்று நிபந்தனை இருந்தால் அந்தப் பணம் உங்களுடையது ஆகவில்லை என்று பொருள். அதற்காக இன்னும் ஒரு ஆட்டம் ஆடாதீர்கள்.

இப்போது செயலிக்கு வாருங்கள். கணக்கை மூடும் வசதி இருந்தால் மூடிவிட்டு அழியுங்கள். டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். ஏஜென்ட் எண்ணைத் தடுங்கள். 'கடைசியா ஒரு போனஸ் இருக்கு' என்று புது எண்ணிலிருந்து வருவார், அதையும் தடுங்கள். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்பில் சூதாட்ட விளம்பரங்களைக் குறைக்கும் தெரிவு ஒன்று உள்ளது. சூதாட்டத் தளங்களையே திறக்கவிடாமல் தடுக்கும் பெட்பிளாக்கர் என்ற இலவசச் செயலியும் இருக்கிறது. நாள்தோறும் முளைக்கும் எல்லாத் தளத்தையும் அது பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். ஆனால் இரவு ஒரு மணிக்கு நாலு தளம் திறக்காமல் போனாலே பாதி வேகம் அடங்கிவிடும்.

மறுநாள்: ஒரு தாளில் முழுக் கணக்கு

போனில் எழுதாதீர்கள், தாளில் எழுதுங்கள். இரண்டு பகுதி. ஒன்றில் ஆட்டத்தில் போன பணம். வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, தளங்களுக்குப் போனதையும் அங்கிருந்து வந்ததையும் கூட்டிக் கழித்தால் கிடைத்துவிடும். மனக்கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும், அறிக்கையைப் பார்த்தே எழுதுங்கள். இன்னொன்றில் கடன்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தருவதாகச் சொன்னீர்கள்.

எழுதி முடித்ததும் முதல் பகுதியின் மேல் ஒரு கோடு போடுங்கள். அது போனது போனதுதான். இது பலருக்கும் இருக்கும் படிகளிலேயே கடினமானது, நாலைந்து நாள் துக்கம்கூட வரும். ஆனால் நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியது இரண்டாவது பகுதியை மட்டும். 80,000 இழந்தவருக்குக் கடன் 35,000 ஆக இருக்கலாம். 80,000-ஐப் பிடிக்க ஆட்டத்தைத் தவிர வழி தெரியாது. 35,000-ஐ அடைக்கப் பகுதி நேர வேலை, டியூஷன், விடுமுறை வேலை, வீட்டு உதவி என்று நிதானமான வழிகள் உண்டு.

கடனில் முதலில் கவனிக்க வேண்டியது மிரட்டும் கடன். கடன் செயலி என்றால், அது எந்த வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் சார்பில் கொடுக்கிறது என்று பாருங்கள். பெயரே இல்லை என்றால் சட்டவிரோதச் செயலி என்றே எடுத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. படத்தை மார்ஃபிங் செய்து எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டினால் பயந்து பணம் கட்டாதீர்கள். கட்டியவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். ஊரில் மீட்டர் வட்டிக்கு வாங்கியிருந்தால், தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவரோடு போய்க் காவல் நிலையத்தில் பேசும்போது நினைவில் வையுங்கள்.

நண்பர்களுக்கு நேரில் சொல்லுங்கள்: 'மச்சான், மொத்தமா இப்போ முடியாது. மாசம் ஐநூறு, அஞ்சாம் தேதி தர்றேன்.' சொன்ன தேதியில் கொடுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் செயலியைத் திறக்காதீர்கள்.

ஒருவரிடம் சொல்வது

இதைத் தள்ளிப்போட்டால் மேலே செய்தது எல்லாம் ஆடிப்போகும். ரகசியம் இருக்கும்வரை அதைக் காப்பாற்றப் பணம் வேண்டும், பணத்துக்கு ஆட்டம் வேண்டும்.

யாரிடம்? அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்கா, மாமா, சித்தப்பா, பள்ளிக்கூட ஆசிரியர், கத்தாமல் கடைசிவரை கேட்கக்கூடிய ஒருவர். முதலில் அவரிடம் சொல்லி, அவரைக் கூட வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லலாம். சாப்பாட்டு நேரத்திலும், அப்பா வேலை முடிந்து வந்து நிற்கும்போதும் வேண்டாம். எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

'அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபம் வரும், ஆனா முழுசா கேளுங்க. ஆன்லைன்ல பணம் வச்சு ஆடிட்டேன். ஃபீஸ் பணத்துல 18,000 போச்சு. வெளியில 35,000 கடன் இருக்கு, யார் யாருக்குன்னு இதுல எழுதியிருக்கேன். கார்டை அக்காகிட்ட குடுத்துட்டேன். காசா என் கையில குடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வாங்க.'

இதில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: தொகையை ஒரே தடவையில், முழுதாகச் சொல்வது. பயத்தில் பாதியைத்தான் சொல்லத் தோன்றும். 35,000 கடனுக்கு 15,000 என்று சொன்னால் வீட்டில் எப்படியோ புரட்டி 15,000 கொடுப்பார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். மீதி 20,000 உங்களோடு தனியாக இருக்கும். இனி அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் 'அன்றைக்கே ஏன் சொல்லவில்லை' என்பார்கள். அந்த 20,000-ஐ அடைக்கக் கையில் வந்த 15,000-ஐயே ஆட்டத்தில் வைப்பது எத்தனையோ வீடுகளில் நடக்கும் கதை.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. கடனை அடைப்பதென்றால் கடன் கொடுத்தவருக்கே நேரடியாகக் கொடுங்கள், பிள்ளையின் கணக்கில் போடாதீர்கள். ஃபீஸைக் கல்லூரிக்கே கட்டுங்கள். அடிப்பதாலும், ஊருக்கெல்லாம் சொல்வதாலும், போனை அடியோடு பிடுங்குவதாலும் ஆட்டம் நிற்காது. இன்னொருவர் போனில் நடக்கும், இந்த முறை உங்களுக்குத் தெரியாமல். வாரம் ஒரு முறை இருவரும் உட்கார்ந்து வங்கி அறிக்கையைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் குறுக்கு விசாரணை வேண்டாம்.

ஆசை வரும் நேரம்

வரும். குறிப்பாக முதல் சில வாரங்கள். பெரும்பாலும் அது அலையாக எழுந்து, ஆடாமல் இருந்தால் இருபது முப்பது நிமிடத்தில் தணிந்துவிடும். எனவே வேலை அந்த அரை மணி நேரத்தைக் கடத்துவது மட்டும்தான். 'இனி வாழ்நாள் முழுக்க எப்படி' என்று யோசிக்கத் தொடங்கினால் அலை இன்னும் பெரிதாகும். போனை அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நடப்பது, குளிப்பது, டீக்கடைக்கு இரண்டு பேராகப் போவது என எதுவானாலும் சரி. அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு கடத்துவது மட்டும் கடினம்.

எப்போது வரும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கணக்கில் பணம் விழும் நாள். தமிழ்ப் புதல்வன், புதுமைப்பெண் உதவித்தொகை 1,000 ரூபாய் விழும் நாளும் அதில் அடக்கம். அந்தக் காலையிலேயே பணத்தை மாற்றிவிடுங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வில் சொதப்பிய மாலை. தூக்கம் வராத இரவு. மது குடித்த இரவு. மார்ச் கடைசியில் தொடங்கும் ஐபிஎல்.

ஐபிஎல் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: கிரிக்கெட் பெட்டில் சிக்கியவர் முதல் சீசனில் மேட்சை லைவாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. பொதுக்கூடத்தில் அறுபது பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, அடுத்த ஓவரில் எத்தனை ரன் என்று மனம் தானாகவே பெட் கட்டும். மறுநாள் ஸ்கோரைப் படித்துக்கொள்ளலாம். 'ஜாலிக்கு அம்பது ரூபா' என்று நண்பர்களுக்குள் கட்டும் பெட்டும் கூடாது. மற்றவர்களுக்கு அது விளையாட்டு, உங்களுக்கு அது திறப்பு விழா.

கேட்பவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'கார்டு வீட்டுல இருக்குடா' என்பது நல்ல பதில். உண்மை, விவாதத்துக்கு இடமில்லாதது.

வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள்

கடனில் இருக்கும் மாணவரைத் தேடி இவர்கள் வருவார்கள். 'உன் அக்கவுண்ட்டை ஒரு மாசம் குடு, பாஸ்புக், சிம், ஏடிஎம் கார்டோட, அஞ்சாயிரம் தர்றோம்.' சூதாட்டத் தளங்களும் சைபர் மோசடிக் கும்பல்களும் பணத்தைச் சுற்றிவிட இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் பயன்படுத்துகின்றன. வேறு மாநிலத்தில் ஒருவர் புகார் கொடுத்தால் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு, விசாரணைக்கு அழைக்கப்படுவதும் நீங்கள்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள், வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள். ஆடிப் பணம் இழந்ததைவிட இது பல மடங்கு பெரிய சிக்கல்.

சட்டத்துக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆனால் மருத்துவரிடம் சொல்வது காவல் நிலையத்தில் சொல்வது ஆகாது. நோயாளி சொன்னதை ரகசியமாக வைப்பது அவர் கடமை.

மருத்துவ உதவி

14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாக, இரவும் பகலும், தமிழிலும் கிடைக்கிறது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு போட்டுவிட்டு 'ஆன்லைன் சூதாட்டம், நிறுத்த முடியவில்லை' என்று நேராகச் சொன்னால் போதும். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே ஷட் கிளினிக் என்று ஒரு பிரிவு 2014-லிருந்து இயங்குகிறது. கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் போகலாம். ஆனால் நிர்வாகத்துக்குத் தெரிவிப்பாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளில் ஆலோசகரும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும் ஒரே ஆள்.

அங்கே என்ன செய்வார்கள்? பெரும்பாலும் பேச்சு. எந்த நினைப்பு ஆட வைக்கிறது, அந்த நினைப்பு எங்கே பொய் சொல்கிறது, அடுத்த முறை என்ன செய்வது என்று வாரம் ஒரு முறை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்கள். மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு, குடிப்பழக்கம் இவற்றில் ஏதாவது கூட இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தால் அதற்கு மருந்து உண்டு, அது சரியானால் ஆட்டத்தின் பிடியும் தளரும். சூதாட்டத்துக்கென்றே ஒரு மாத்திரை என்று எதுவும் இல்லை. அப்படி விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. கடனை நினைத்து உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும், இந்த வரிசையையெல்லாம் விட்டுவிட்டு, அப்போதே பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். 14416-ஐ அழையுங்கள், சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. கடன் எவ்வளவாக இருந்தாலும் தவணை கட்டி அடைக்கலாம், பேசிக் குறைக்கலாம். நண்பன் இப்படிப் பேசுவதைக் கேட்டவரும் 'சும்மா சொல்றான்' என்று விடாமல் அவன் கூடவே இருந்து, வீட்டுக்கும் விடுதிக் காப்பாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

சறுக்கினால்

பலரும் ஒரு முறையாவது சறுக்குகிறார்கள். ஆபத்து அந்த 500 ரூபாயில் இல்லை, 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று அதன் பின்னால் வரும் இரவில் இருக்கிறது. அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, கார்டு வைத்திருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த வழியாகப் பணம் போனது என்று பாருங்கள்: நண்பன் யுபிஐ வழியா, மறந்துபோன ஒரு வாலட்டா? அந்த ஓட்டையை அடையுங்கள். பழைய நாட்களைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டாம். ஆடாத வாரங்கள் ஆடாத வாரங்கள்தான்.

இன்னொரு சறுக்கல் சறுக்கலாகவே தெரியாது. ரம்மியை விட்டவர் 'இனி முதலீடு' என்று, பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆப்ஷன் டிரேடிங்கில் இறங்குவார். வீட்டிலும் பையன் திருந்தி பங்குச் சந்தை கற்கிறான் என்று மகிழ்வார்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் திரை, விட்டதைப் பிடிக்கும் அவசரம், இரவில் வராத தூக்கம், எல்லாமே உங்களுக்குப் பழகியவை. கடன் தீரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். கிரிப்டோவுக்கும் இதே பதில்.

கட்டுப்பாடுகளை எப்போது தளர்த்துவது

நாள் கணக்கைவிட நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு முழு ஐபிஎல் சீசனும் ஒரு செமஸ்டர் தேர்வும் ஆடாமல் கடந்திருக்க வேண்டும், நண்பர்கள் கடனில் பாதியாவது அடைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாரப் பணத்தை மாதப் பணமாக மாற்றிப் பாருங்கள். அது இரண்டு மாதம் சிக்கலில்லாமல் போனால் யுபிஐ வரம்பை 500-லிருந்து 2,000 ஆக்கலாம். ஏடிஎம் கார்டு கடைசியில் வரட்டும். வங்கி அறிக்கையைச் சேர்ந்து பார்ப்பதை மட்டும் முதல் வேலையில் சேர்ந்து முதல் சில சம்பளம் வாங்கும்வரை விடாதீர்கள். ஆயிரங்களில் ஆடியவருக்குத் திடீரென்று முப்பதாயிரம் கையில் வரும் மாதம் அது. சம்பளக் கணக்கு திறக்கும்போதே வங்கி கிரெடிட் கார்டையும் நீட்டும். 'இப்போது வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, கடன் மீதியையும் வீட்டுக்கு அனுப்பும் தொகையையும் சம்பளத் தேதியன்றே தானாகப் போகும்படி அமைத்துவிடுங்கள்.